பழைய பேப்பர்ல இருந்து மையைக் கழட்டுற என்சைம்

ரீசைக்கிள் பண்ண பேப்பர்ல செஞ்ச நோட்டு ஏதாவது இருந்தா, ஒரு பக்கத்தை நல்ல வெளிச்சத்துல வெச்சு பூதக்கண்ணாடி வழியா பாருங்க. வெறும் கண்ணுக்கு ஓரளவு வெள்ளையா தெரிஞ்ச பக்கத்துல அங்கங்க பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி தெரியும், சிலது தட்டையா, ஓரம் உடைஞ்ச ஓடு மாதிரி இருக்கும். அது தூசி இல்லைங்க. அந்தப் பேப்பரோட முந்தின ஜென்மத்துல அதுல பிரிண்ட் ஆகியிருந்த எழுத்தோட மிச்சம். அந்தப் புள்ளியை எடுக்கறதுக்குத் தான் பேப்பர் மில்லுல இவ்வளவு கெமிக்கல் ஊத்துறாங்க, அதைக் குறைக்கறதுக்குத் தான் இப்போ என்சைம் பத்தி பேசுறாங்க.

ரீசைக்ளிங்னா ஊறவெச்சு, அரைச்சு, மறுபடி காயவெச்சா முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அந்தப் பகுதி நெஜமாவே சுலபம். பேப்பர்ங்கிறது மரத்து நாருங்க தண்ணியில மிதந்து, தண்ணி வடிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு காஞ்ச ஒரு தகடு, அவ்வளவு தான், திரும்பத் தண்ணியில போட்டுக் கலக்கினா நார் நாரா பிரிஞ்சு வந்துரும். ஒரு நார் சுமாரா 1 மில்லிமீட்டர்ல இருந்து 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், பைன் மாதிரி மரத்துக்கு நீளம் ஜாஸ்தி, யூகலிப்டஸ் மாதிரி மரத்துக்குக் கம்மி. பேப்பர் ஒண்ணைக் கிழிச்சா ஓரத்துல பிசிர் பிசிரா நிக்குதே, அது தான் இந்த நார்.

சிக்கல் எல்லாம் நாரோட ஒட்டிக்கிட்டு வர்ற சாமான்கள்ல இருக்கு. மை, பசை, மேல பூசின ஸ்டார்ச், வழவழப்புக்குச் சேர்த்த சுண்ணாம்புத் தூள், எல்லாமே கூழோட சேர்ந்து வரும். இதுல மையைப் பிரிச்சு எடுக்கிற வேலைக்கு டீஇங்கிங்னு பேரு. இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்லை, 1774-லயே ஜெர்மனியில கோட்டிங்கன் நகரத்துல யுஸ்டுஸ் கிளாப்ரோத்னு ஒரு சட்டப் பேராசிரியர், அச்சடிச்ச பேப்பர்ல இருந்து மையைக் கழுவி எடுத்துட்டு புதுப் பேப்பர் செய்யறது எப்படின்னு ஒரு சின்ன புத்தகமே போட்டிருக்கார்.

இப்போ வழக்கமா மில்லுல நடக்கறதைப் பாப்போம், ஏன்னா அது புரிஞ்சா தான் என்சைம் எதுக்குன்னு புரியும். பழைய பேப்பர் முதல்ல போறது பல்ப்பருக்கு, அது அடியில சுத்துற இறக்கை வெச்ச பெரிய தொட்டி, சுமார் 45-ல இருந்து 55 டிகிரி சூட்டுல தண்ணி, அதுல காஸ்டிக் சோடா போட்டு பி.ஹெச் அளவை (7-க்கு மேல போனா காரம், கீழ போனா புளிப்பு) 10, 11 வரைக்கும் ஏத்துவாங்க. காஸ்டிக் பட்டதும் நார் தண்ணியை இழுத்து உப்பும், நார் உப்பும்போது மேல காஞ்சு ஒட்டியிருந்த மை ஈடுகொடுக்க முடியாம வெடிச்சு விடுபடும், எண்ணெய் வெச்சு செஞ்ச மையா இருந்தா அந்த எண்ணெயையே காஸ்டிக் சோப்பா மாத்தி இளக்கிவிடும். நல்லா தான் வேலை செய்யுது. ஆனா நியூஸ்பேப்பர் மாதிரி மரத்தை அப்படியே அரைச்சு செஞ்ச பேப்பர்ல லிக்னின்னு ஒரு பொருள் இருக்கு, காஸ்டிக் பட்டா அது மஞ்சளாயிரும். மஞ்சளாகாம இருக்க ஹைட்ரஜன் பெராக்ஸைட் ஊத்தணும். தண்ணியில இருக்கிற இரும்பும் மாங்கனீஸும் அந்த பெராக்ஸைடைச் சீக்கிரமே சிதைச்சிரும், அதனால அதைக் காப்பாத்த சோடியம் சிலிக்கேட், கூடவே உலோகத்தைப் பிடிச்சு வெக்கிற இன்னொரு கெமிக்கல். கழண்ட மை திரும்ப நாருல போய் ஒட்டாம இருக்க சோப்பு. கடைசியில இந்தக் கூழை பேப்பர் மெஷினுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி காரத்தைக் குறைக்க ஆசிட்.

பாருங்க, முதல்ல போட்டது ஒரே ஒரு கெமிக்கல். அதுக்குக் காவலா ஒண்ணு, அந்தக் காவலுக்குக் காவலா இன்னொண்ணுன்னு வரிசை நீண்டுக்கிட்டே போகுது. கூடவே காரத்துல ஸ்டார்ச்சும் நாரோட கொஞ்சம் பகுதியும் கரைஞ்சு தண்ணியில கலந்துரும், அந்தக் கழிவுத் தண்ணியோட சி.ஓ.டி அளவு ஏறும். சி.ஓ.டி-ன்னா அந்தத் தண்ணியில இருக்கிற அழுக்கை ஆக்சிஜனேற்றம் பண்ண எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கிற கணக்கு, அது ஜாஸ்தியான தண்ணியை சுத்திகரிக்காம ஆத்துல விட்டா அங்க இருக்கிற மீனுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் மிஞ்சாது. என்சைம் பத்தி நான் இவ்வளவு ஆர்வமா எழுதறதுக்கு இந்தத் தண்ணி தான் காரணம்.

கழண்ட மையைக் கூழ்ல இருந்து எப்படி வெளிய எடுக்கறாங்கன்னா, ஃப்ளோட்டேஷன் முறை. கூழை நல்லா தண்ணி விட்டு நீர்க்க வெச்சு, அடியில இருந்து காத்துக் குமிழியை விடுவாங்க. மைக்குத் தண்ணி பிடிக்காது, காத்து பிடிக்கும், அதனால குமிழியோட ஒட்டிக்கிட்டு மேல வரும், நாருக்குத் தண்ணி பிடிக்கும், அது கீழயே தங்கிரும். மேல சேர்ற கறுப்பு நுரையை வழிச்சு எடுத்துருவாங்க. ஆனா மைத் துகள் ஏறக்குறைய 10 மைக்ரான்ல இருந்து 100 மைக்ரானுக்குள்ள (1 மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருந்தா தான் இது சரியா நடக்கும். அதைவிடப் பொடியா இருந்தா குமிழியில மாட்டாது, அலசித் தான் எடுக்கணும். அதைவிடப் பெருசா இருந்தா குமிழியால தூக்க முடியாது, தூக்கினாலும் பாதி வழியில உதுந்துரும்.

இங்க தான் லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸும் வந்து வேலையைக் கெடுக்குது. அதுல இருக்கிற டோனர் பழைய அச்சு மை மாதிரி எண்ணெய் இல்லை, அது பிளாஸ்டிக் தூள், பிரிண்டருக்குள்ள சூடான ரோலர் அதை உருக்கி நாரோட சேர்த்து அமுக்கிருது. கைக்குச் சூடா வெளிய வர்ற பிரிண்ட் அவுட் ஞாபகம் இருக்கில்ல, அந்தச் சூடு தான். இப்படி உருகி ஒட்டின பிளாஸ்டிக்கை காஸ்டிக்கால சோப்பா மாத்த முடியாது. பல்ப்பர்ல அடிபட்டு உடையும்போது தட்டையான பெரிய சில்லா கழண்டு வரும், அதுவும் சுத்தமா வராது, பிச்சுக்கிட்டு வந்த நார்ப் பிசிர் அதோட ஓரமெல்லாம் தொங்கிக்கிட்டு இருக்கும். அந்தப் பிசிருக்குத் தண்ணி பிடிக்கும்ல, அதனால குமிழி வந்து முட்டினாலும் சில்லு தண்ணியை விட்டு மேல போகாது. முதல்ல பாத்தோமே கறுப்புப் புள்ளி, பெரும்பாலும் இப்படித் தப்பிச்சு வந்த டோனர் தான்.

சரி, என்சைம்னா என்ன? ஸ்கூல் புத்தகத்துல நொதின்னு படிச்சிருப்பீங்க. இது பாக்டீரியாவோ பூஞ்சையோ இல்லை, உயிர் உள்ளதே இல்லை, உயிர்கள் தயார் பண்ற ஒரு புரதம். ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் வேகமா நடத்திக் கொடுக்கும், நடத்திட்டு தான் செலவாகாம அடுத்த இடத்துக்குப் போய் அதே வேலையைப் பண்ணும், அதனால தான் கொஞ்சமா போட்டாலே போதும். ஸ்டார்ச்சை வெட்டுற என்சைம் மர நாரோட முக்கியப் பொருளான செல்லுலோஸைத் தொடாது, செல்லுலோஸை வெட்டுறது கொழுப்பைத் தொடாது. காஸ்டிக் சோடா கண்ணுல பட்ட எல்லாத்தையும் பிடிச்சு உலுக்கும், என்சைம் தனக்கு உரிய இடத்துல மட்டும் கைவெக்கும்.

பேப்பர் வேலைக்கு முக்கியமானது செல்லுலேஸ், அதாவது செல்லுலோஸை வெட்டுறது. இதோட பிறந்த கதை சொல்லியே ஆகணும். ரெண்டாம் உலகப் போர் நடந்தப்போ பசிபிக் கடல்ல சாலமன் தீவுகள் பக்கம் இருந்த அமெரிக்கப் படைக்கு, பருத்தியில செஞ்ச கூடாரமும் துணிமணியும் கண்ணு முன்னாடியே மக்கி உதுந்துபோற பிரச்சனை. எது இப்படித் தின்னுதுன்னு கண்டுபிடிக்க மக்கின துணிகள்ல இருந்து பூஞ்சைகளைப் பிரிச்சு எடுத்தாங்க, அதுல போகன்வில் தீவுல கிடைச்ச ஒரு கூடாரத் துணியில இருந்து வந்த பூஞ்சை அசாத்தியமா செல்லுலேஸ் சுரக்கறது தெரிஞ்சுது. பின்னாடி 1977-ல அதுக்கு, அதை ஆராய்ஞ்ச எல்வின் ரீஸ்ங்கிறவரை கௌரவிக்கற மாதிரி டிரைக்கோடெர்மா ரீசைன்னு பேர் வெச்சாங்க. துணியை அதுகிட்ட இருந்து காப்பாத்தத் தான் ஆராய்ச்சியை ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு உலகத்துல தொழில் ரீதியா தயாராகிற செல்லுலேஸ்ல பெரிய பங்கு அந்த ஒரே பூஞ்சையோட வாரிசுகள் பெரிய டாங்குகள்ல வளர்ந்து சுரக்கறது.

இப்போ நியாயமா ஒரு சந்தேகம் வரும், பேப்பரே செல்லுலோஸ் தானே, செல்லுலேஸைப் போட்டா பேப்பரையே தின்னுராதா? தின்னும், விட்டா தின்னும். ஆனா செல்லுலேஸ்ல பல வகை இருக்கு, எல்லாம் சேர்ந்த கலவையைப் போட்டு நேரமும் கொடுத்தா செல்லுலோஸ் முழுசும் சர்க்கரையாயிரும், எத்தனால் தயாரிக்கிறவங்களுக்கு அது தான் வேணும். பேப்பர்காரங்களுக்கு வேண்டியது எண்டோகுளுக்கனேஸ்ங்கிற வகை, அது செல்லுலோஸ் சங்கிலியை நடுவுல அங்கங்க வெட்டி விடும், அதையும் ரொம்பக் கொஞ்சமா, கொஞ்ச நேரத்துக்கு மட்டும். ஒரு நாரோட தடிமனை வெச்சுப் பாத்தா இந்த என்சைம் சில ஆயிரத்துல ஒரு பங்கு தான், ஆனாலும் நாரோட உள்ள இருக்கிற நுண் துளைங்க அதைவிட நெருக்கமா இருக்கறதால, குறைஞ்ச நேரத்துல அதால மேல்பரப்புல மட்டும் தான் பெருசா வேலை செய்ய முடியும். மேல்பரப்புல என்ன இருக்கு? பிசிர். அந்தப் பிசிர் மேல தான் மை ஒட்டியிருக்கு.

அதனால செல்லுலேஸ் மையைத் தொடறதே இல்லை. மை எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கோ அதை அறுத்து விடுது. ஜீன்ஸ் பேண்ட்டை வெளுக்க வைக்கறதும் இதே வித்தை தான், முன்னாடி எரிமலைக் கல்லைப் போட்டு உரசுவாங்க, இப்போ நிறைய இடத்துல செல்லுலேஸ் போட்டு சுத்துறாங்க, அது நூலோட மேல் தோலை லேசா வெட்டி விடும், அந்தத் தோல்ல இருந்த நீலச் சாயம் அதோட சேர்ந்து போயிரும். சாயத்துக்கும் என்சைமுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பேப்பர்லயும் அப்படித் தான், கூழைக் கலக்கும்போது நாருங்க ஒண்ணோட ஒண்ணு உரசுற உரசல்ல, ஏற்கனவே என்சைம் இளக்கி வெச்ச மை விடுபட்டுரும். அந்த உரசல் கட்டாயம் வேணும், என்சைமை ஊத்திட்டு சும்மா ஊறப்போட்டா பாதி வேலை தான் நடக்கும்.

டோனருக்கு வந்தா இதுல இன்னொரு லாபம். சில்லோட ஓரத்துல தொங்கற நார்ப் பிசிரை செல்லுலேஸ் சவரம் பண்ண மாதிரி வழிச்சு எடுத்துரும். பிசிர் போன சில்லு வெறும் பிளாஸ்டிக், அதுக்குத் தண்ணி பிடிக்காது, குமிழி வந்ததும் ஒட்டிக்கிட்டு மேல போயிரும். 1990-கள்ல அமெரிக்காவுல மேடிசன் நகரத்துல இருக்கிற ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் லேபரட்டரியில லேசர் பிரிண்ட், ஜெராக்ஸ் பேப்பரை வெச்சு இதை நிறைய சோதிச்சுப் பாத்திருக்காங்க, காஸ்டிக்கால முடியாத டோனர்ல என்சைம் நல்லா உதவுதுன்னு அப்போவே தெரிஞ்சுது.

செல்லுலேஸ் பத்தியே எல்லாரும் பேசுவாங்க, என்னைக் கேட்டா ஆஃபீஸ் பேப்பருக்கு ஸ்டார்ச்சை வெட்டுற அமைலேஸும் அதே அளவுக்கு முக்கியம். பிரிண்டர்ல போடற பேப்பர் மேல ஸ்டார்ச் பூசியிருப்பாங்க, மை பரவாம இருக்கவும் பேப்பர் விறைப்பா நிக்கவும். டோனர் உட்கார்றது அந்த ஸ்டார்ச் படலம் மேல தான், அதைக் கரைச்சுட்டா டோனருக்கு அடியில பிடிமானம் போச்சு, நாருக்கு ஒரு சேதமும் இல்லை. இதை வீட்டுலயே பாக்கலாம். வெள்ளை பிரிண்டர் பேப்பர்ல ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்க, கருநீலமா மாறும், அது ஸ்டார்ச்சோட அடையாளம். இப்போ அதே பேப்பர்ல ரெண்டு துண்டு வெட்டி, ஒண்ணை எச்சில்லயும் இன்னொண்ணை வெறும் வெதுவெதுப்பான தண்ணியிலயும் நனைச்சு கால் மணி நேரம் வெச்சிருந்து, ஒத்தி எடுத்துட்டு ரெண்டுலயும் அயோடின் விடுங்க. எச்சில் பட்ட துண்டுல நீலம் மங்கலா வரும். நம்ம எச்சில்ல இருக்கிற அமைலேஸ் அங்க இருந்த ஸ்டார்ச்சை வெட்டிருச்சு. மில்லுல போடறது வேற இடத்துல இருந்து வந்த அமைலேஸ், வேலை இதே தான். அயோடின் கறை போகாது, பழைய துணி விரிச்சுட்டு பண்ணுங்க.

மத்த என்சைம்களைச் சுருக்கமா சொல்லிடறேன். லிப்பேஸ் எண்ணெயையும் கொழுப்பையும் வெட்டும், தாவர எண்ணெய் வெச்ச மைக்கு உதவும், 1990 வாக்குலயே ஜப்பான்ல மரக்கூழ்ல வர்ற பிசினை அடக்க இதை மில் அளவுல போட ஆரம்பிச்சுட்டாங்க. சைலனேஸ், நாருல செல்லுலோஸோட கலந்திருக்கிற ஹெமிசெல்லுலோஸை வெட்டும், கூழை வெளுக்கும்போது குளோரின் சம்பந்தப்பட்ட கெமிக்கலைக் குறைக்க இது உதவும்னு 1986-ல பின்லாந்துக்காரங்க காட்டினாங்க. லாக்கேஸ் லிக்னின் மேலயும் சாயங்கள் மேலயும் வேலை செய்யும், ஆனா அதுக்குத் துணையா மீடியேட்டர்னு இன்னொரு பொருள் தேவைப்படுது, அதோட விலை தான் பெரிய தடை.

எஸ்டரேஸை மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும். கவர் ஒட்டுற பசை, லேபிள், புத்தக முதுகுல பூசின பசை, இதெல்லாம் கூழ்ல கலந்து பிசுபிசுன்னு திரண்டு நிக்கும், மில்லுல ஸ்டிக்கீஸ்னு சொல்வாங்க. இது பேப்பர் மெஷினோட வலையில போய் அப்பிக்கிட்டா பேப்பர்ல ஓட்டை விழும், இல்லேன்னா ஓடிக்கிட்டு இருக்கும்போதே அறுந்துபோகும், மெஷினை நிறுத்தி பெட்ரோலிய சால்வென்ட் போட்டுத் துடைக்கணும், அந்த ஆவியை அங்க வேலை பாக்கறவங்க தான் சுவாசிக்கணும். இந்தப் பசையில நிறைய பாலிவினைல் அசிடேட் இருக்கு, எஸ்டரேஸ் அதுல இருக்கிற எஸ்டர் பிணைப்பை வெட்டி பாலிவினைல் ஆல்கஹாலா மாத்துது, அது ஒட்டாது, தண்ணியில கரைஞ்சிரும். இதைக் கொண்டுவந்த பக்மன் லேபரட்டரீஸ் கம்பெனிக்கு 2004-ல அமெரிக்காவுல பசுமை வேதியியலுக்கான ஜனாதிபதி விருது கிடைச்சுது.

நடைமுறையில எப்படிப் போடறாங்கன்னா, 1 டன் காஞ்ச கூழுக்கு சுமார் அரை கிலோவுல இருந்து 2 கிலோ வரைக்கும் என்சைம் கலவை, 45-ல இருந்து 55 டிகிரி, கால் மணியில இருந்து ஒரு மணி நேரம். அதுக்கு அப்புறம் அதே ஃப்ளோட்டேஷன், அதே குமிழி. பி.ஹெச் விஷயத்துல ஆரம்பத்துல ஒரு தடங்கல் இருந்துச்சு. டிரைக்கோடெர்மா செல்லுலேஸுக்கு லேசான புளிப்பு, பி.ஹெச் 5 பக்கம் இருந்தா தான் தெம்பு. ஆனா இப்போ வர்ற பேப்பர்ல கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புத் தூள் நிறைய இருக்கு, அது கூழைத் தானாவே 7, 8-க்குக் கொண்டு போயிரும். ஆசிட் ஊத்தி இறக்கினா அந்தத் தூள் கரைஞ்சு கார்பன் டை ஆக்சைடு பொங்கி நுரை தள்ளும், சல்ஃபியூரிக் ஆசிட்னா ஜிப்சம் உண்டாகி பைப்ல படியும். அதனால ஹியூமிகோலா மாதிரி வேற பூஞ்சையில இருந்து வர்ற, பி.ஹெச் 7 பக்கத்துலயே வேலை செய்யற செல்லுலேஸைத் தேடிப் போனாங்க. அது கிடைச்சதும் தான் காஸ்டிக்கும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம்ங்கிற நிலைமை வந்துச்சு. காஸ்டிக் இல்லேன்னா மஞ்சளாகறது இல்லை, மஞ்சளாகலேன்னா அந்த இடத்துல பெராக்ஸைடும் சிலிக்கேட்டும் எதுக்கு? மேல சொன்ன வரிசை அப்படியே சுருங்கிருது. கழிவுத் தண்ணியும் அந்த அளவுக்குச் சுமை இல்லாம போகும்.

தண்ணி வடியறதுலயும் ஒரு நன்மை இருக்கு. ஒவ்வொரு தடவை ரீசைக்கிள் ஆகும்போதும் நார் உடைஞ்சு பொடி சேரும், பொடி நிறைஞ்ச கூழ்ல தண்ணி லேசுல வடியாது, வடியலேன்னா காயவெக்க நீராவி ஜாஸ்தி செலவாகும். அளவுக்குப் பரப்பு ஜாஸ்தியா இருக்கறதால செல்லுலேஸ் முதல்ல பிடிக்கறது அந்தப் பொடியைத் தான், அது குறைஞ்சா தண்ணி கடகடன்னு வடியும்.

இதுக்காக "கெமிக்கலே இல்லாத ரீசைக்ளிங்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது உண்மை இல்லை. மையைக் குமிழியில ஒட்டவெக்கிற சோப்பு மாதிரிப் பொருள் அப்பவும் வேணும், பளிச்சுன்னு வெள்ளையா வேணும்னா பின்னாடி ஒரு ப்ளீச்சும் வேணும். கெமிக்கல் குறையுது, அது தான் சரியான வார்த்தை. அளவு தப்பினா நஷ்டமும் உண்டு, நேரமோ டோஸோ கூடினா நார் பலம் இழக்கும், கொஞ்சம் கூழ் சர்க்கரையா கரைஞ்சு கழிவுத் தண்ணியிலயே போய் சேரும், எதைக் குறைக்க வந்தோமோ அதையே ஏத்தின மாதிரி ஆயிரும். வர்ற பழைய பேப்பர் ஒரு நாள் நியூஸ்பேப்பர், ஒரு நாள் ஆஃபீஸ் பேப்பர்னு மாறிக்கிட்டே இருந்தா ஒரே என்சைம் கலவை எல்லாத்துக்கும் ஒத்துவராது, கூழ்ல மிச்சம் பெராக்ஸைட் இருந்தா அது என்சைமையே கெடுத்துரும். யூ.வி வெளிச்சத்துல உறைய வெக்கிற மை இன்னும் பெரிய தலைவலி தான்.

வேலை பாக்கறவங்க பக்கம் ஒரு எச்சரிக்கை. என்சைம் உடம்புல பட்டா காஸ்டிக் மாதிரி பொசுக்காது, ஆனா காஞ்ச தூளா மூச்சுல போனா அலர்ஜி வரும், 1960-கள் கடைசியில டிடர்ஜென்ட் ஃபேக்டரிகள்ல என்சைம் தூளைச் சுவாசிச்சவங்களுக்கு ஆஸ்துமா வந்திருக்கு. அதுக்கு அப்புறம் தான் தூளுக்கு மேல பூச்சுப் பூசி குருணையா மாத்தினாங்க. பேப்பர் மில்லுல பெரும்பாலும் திரவமா தான் வருது, அப்படியும் தெறிச்சு சாரலா பறக்காம பாத்துக்கணும்.

வேலை முடிஞ்ச என்சைம் பேப்பர்லயே தங்கிராதா, நாளாக ஆக நம்ம நோட்டை அரிச்சிராதான்னு கேப்பாங்க. சூடு 80 டிகிரியைத் தாண்டினா இந்த வகை செல்லுலேஸ் பெரும்பாலும் உருக்குலைஞ்சு வேலை செய்யாம போயிரும், அதனால சில இடத்துல கூழையே கொஞ்ச நேரம் சூடு பண்ணி நிறுத்திருவாங்க. தப்பிச்சு வந்தாலும் அடுத்து நீராவியால கொதிக்கிற இரும்பு உருளைங்க மேல பேப்பர் வரிசையா ஓடிக் காயணும். செல்லுலோஸ் சங்கிலியில ஒவ்வொரு வெட்டுக்கும் என்சைமுக்கு ஒரு தண்ணி மூலக்கூறு வேணும், காஞ்ச பேப்பர்ல அதுக்கு வேண்டிய அந்தத் தண்ணி இல்லை.